முயலுக்குச் சுகரா? எண்ணைப் பார்த்து மிரளாதீங்க, மாத்திரையை எடுக்காதீங்க!



இந்த மாதப் பாடம் முயலைப் பற்றியது. "ஆடு மாடு சரி, முயலுக்கு ஒரு பாடமா?" என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் நம் கிராமங்களில் இப்போது பல வீடுகளில் முயல் இருக்கிறது. சிலர் குட்டி விற்க வளர்க்கிறார்கள். சிலர் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று சந்தையில் ஒரு ஜோடி வாங்கி வந்து, பெயர் வைத்து வளர்க்கிறார்கள். வளர்த்தால் அதற்கும் நோய் வரும். நோய் வந்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் அது பிழைப்பதும் சாவதும் இருக்கிறது.

கோரிப்பாளையத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வந்த ஒரு சகோதரி இப்படிக் கேட்டார்:

"எங்க வீட்டுல மூணு வயசுப் பெட்டை முயல் ஒண்ணு இருக்குங்க. ஆறு மாசமாவே சுகமில்ல. ஒரு நாள் தின்னுது, ஒரு நாள் திங்கல. புழுக்கை சிறுத்துப் போச்சு. கிண்ணத்துத் தண்ணிய ரெண்டு தரம் குடிச்சுக் காலி பண்ணுது. அடிவயிறெல்லாம் நனைஞ்சே கிடக்கு. மெலிஞ்சும் போச்சு. மாமியாருக்கு சுகர் பாக்குற மிஷின் வீட்டுல இருக்கு. என் மகன் முயல் காதுல குத்திப் பாத்தான். 268 காட்டுச்சு. எல்லாரும் சுகர்தாங்கிறாங்க. மாமியாரோட மாத்திரையில பாதி உடைச்சுக் கொடுக்கலாமாக்கா?"

"வேண்டவே வேண்டாம்! இன்னிக்கே டாக்டர்கிட்ட கொண்டு போங்க" என்று சொல்லி அனுப்பினோம். ஏன் வேண்டாம் என்று கூட்டத்தில் பலர் கேட்டார்கள். அந்தக் காரணத்தைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம்.

சர்க்கரை வியாதி என்றால் என்ன?

நாம் தின்னும் சோறு வயிற்றில் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடம்பின் தசைகளுக்குள் போக ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் அதைச் சுரக்கிறது. கணையம் இன்சுலினைச் சரியாகச் சுரக்காவிட்டாலும், சுரந்த இன்சுலின் வேலை செய்யாவிட்டாலும் சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். பிறகு சிறுநீரில் இறங்கும். இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி நீர் போகிறது, தாகம் எடுக்கிறது, தின்றாலும் உடம்பு மெலிகிறது. நீரிழிவு என்று நம் முன்னோர் பெயர் வைத்ததும் இதனால்தான்.

முயலுக்கும் கணையம் உண்டு, இன்சுலின் உண்டு. அதனால் முயலுக்குச் சர்க்கரை வியாதி வரவே வராது என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்த்த நியூசிலாந்து வெள்ளை முயல்களில் சிலவற்றுக்கு இந்த நோய் தானாகவே வந்ததை 1980-களில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1943-ல் அலோக்ஸான் என்ற ரசாயனத்தை முயலுக்கு ஊசி போட்டபோது, இன்சுலின் சுரக்கும் இடம் மட்டும் அழிந்து போனதையும் கண்டுபிடித்தார்கள். ஆனால் இவை ஆராய்ச்சிக் கூடத்து விஷயங்கள். வீட்டில் வளரும் முயலுக்கு உண்மையான சர்க்கரை வியாதி வருவது மிக மிக அபூர்வம்.

ஏன் அபூர்வம்? முயல் புல் தின்னும் பிராணி. மாட்டுக்கு முன்வயிற்றில் தீவனம் நொதிப்பது போல, முயலுக்குப் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பை போன்ற குடலில் நொதிக்கிறது. அங்கே உள்ள நுண்ணுயிர்கள் புல்லின் நாரை உடைத்து ஒரு வகைக் கொழுப்பு அமிலமாக மாற்றித் தருகின்றன. முயலின் உடம்புக்குத் தேவையான சக்தியில் ஒரு பங்கு அதிலிருந்து கிடைக்கிறது. நம்மைப் போலச் சோற்றுச் சர்க்கரையை மட்டும் நம்பி ஓடுகிற உடம்பு இல்லை அது. அதனால் மாமியாருக்கு இருக்கும் அறிகுறி முயலுக்கும் இருந்தால், இரண்டும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்னே ஏன் மிஷின் 268 காட்டியது?

நல்ல கேள்வி. முயலின் ரத்தத்தில் சர்க்கரை சாதாரணமாக 75 முதல் 150 வரை இருக்கும். 268 என்பது அதிகம்தான். ஆனால் அதிகமாக இருப்பதெல்லாம் சர்க்கரை வியாதி அல்ல.

முயல் பயந்த பிராணி. நாய் துரத்தினால், பருந்து நிழல் பட்டால், ஓடித் தப்பிக்க வேண்டும். ஓட்டத்துக்குச் சக்தி வேண்டும். அதனால் பயந்த உடனே அதன் ஈரல், சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டிவிடும். நாலு பேர் சேர்ந்து பிடித்து, காதை இழுத்து, ஊசியால் குத்தினால் முயலுக்கு அது நாய் துரத்துவது மாதிரிதான். வலி இருந்தாலும் இதே கதைதான். பல் வலி, வயிற்று வலி, காயம் எதுவானாலும் சர்க்கரை ஏறும்.

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர்கள் 907 வளர்ப்பு முயல்களின் ரத்தச் சர்க்கரையை அளந்து 2012-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தீனி தின்னாமல் வந்த முயல்களை அதில் பிரித்துப் பார்த்தார்கள். குடல் மந்தமாகி வேலை குறைந்துபோன முயல்களுக்குச் சராசரியாக 153 அளவில் இருந்தது. குடலில் ஏதாவது அடைத்து வழியே மூடிப்போன முயல்களுக்குச் சராசரியாக 445 வரை ஏறியிருந்தது.

இதில் நமக்கு என்ன பாடம்? சர்க்கரை மிக அதிகமாக ஏறிய முயலுக்கு "சுகர்" என்று பெயர் வைத்துவிட்டு வீட்டிலேயே வைத்திருந்தால், குடல் அடைத்த முயல் நம் கண் முன்னாலேயே செத்துப் போகும். அந்த எண் நோயின் பெயரைச் சொல்லவில்லை. "உள்ளே பெரிய வலி இருக்கு, சீக்கிரம் பாருங்க" என்று சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் வீட்டு மிஷின் மனித ரத்தத்துக்காகச் செய்தது. முயல் ரத்தத்தில் எண் முன்னே பின்னே காட்டும். அதை நம்பி முடிவு எடுக்க முடியாது.

"மூத்திரத்துல எறும்பு மொய்க்குதே, அப்போ சுகர்தானே?" என்றும் ஒரு சகோதரி கேட்டார். கூண்டுக்கு அடியில் சிந்திய தீவனம், கேரட் துண்டு, தவிடு எல்லாம் கிடக்கும். எறும்பு அதற்கும் வரும். அதை வைத்தும் சொல்ல முடியாது.

தண்ணீர் அதிகம் குடிக்க வேறு என்ன காரணம்?

முதலில், அதிகம் என்பது எவ்வளவு? ஒரு முயல் தன் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 150 மில்லி வரை குடிக்கலாம். இரண்டு கிலோ முயல் என்றால் 100 முதல் 300 மில்லி. நம்மை ஒப்பிட்டால் இதுவே பெரிய அளவு. அதனால் "ரொம்பக் குடிக்குது" என்று நமக்குத் தோன்றுவது சில நேரம் சாதாரண அளவாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் இந்தக் காரணங்களைப் பார்க்க வேண்டும்.

1. வெயில். மதுரை சித்திரை வெயிலைச் சொல்லவா வேண்டும்? முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் போனாலே அதற்குக் கஷ்டம். தகரக் கூரைக்குக் கீழே கூண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2. காய்ந்த தீவனம். பச்சைப் புல்லில் தண்ணீர் இருக்கிறது. வெறும் தவிடு, பொட்டு, கடைத் தீவனம் மட்டும் போட்டால் தண்ணீரைக் குடித்துத்தான் ஈடுகட்டும்.

3. குட்டிக்குப் பால் கொடுக்கும் முயல். பால் சுரக்கத் தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

4. சிறுநீரகக் கோளாறு. முயலைத் தாக்கும் ஒரு நுண்ணுயிர் சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுக்கும். சில முயல்களுக்குத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். சிலவற்றுக்குப் பின்னங்கால் இழுக்கும்.

5. மூத்திரப்பையில் மணல், கல். முயல், தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தில் மிஞ்சியதைச் சிறுநீரில் வெளியேற்றும். அதனால் முயல் சிறுநீர் கொஞ்சம் வெள்ளையாகக் கலங்கி இருப்பது சகஜம். பேஸ்ட் மாதிரி கெட்டியாக வந்தாலும், முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலும் சகஜம் இல்லை. அடிவயிறு நனைவதற்கு இது முக்கியமான காரணம்.

6. பெட்டை முயலுக்குக் கர்ப்பப்பைக் கோளாறு. வயதான பெட்டை முயல்களுக்குக் கர்ப்பப்பையில் புற்று வருவது அதிகம். சிறுநீரோடு ரத்தம் வரும். ஆனால் சில தீவனம் தின்றாலும் முயல் சிறுநீர் செம்மண் நிறத்தில் போகும். ரத்தமா, தீவனச் சாயமா என்பதை டாக்டர்தான் சோதித்துச் சொல்ல முடியும்.

7. பல். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேயும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் கூராகி நாக்கையும் கன்னத்தையும் குத்தும். தின்ன ஆசைப்பட்டு வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். எச்சில் ஒழுகித் தாடையும் கழுத்தும் நனையும். சில முயல்கள் மென்று தின்ன முடியாமல் தண்ணீரை மட்டும் குடிக்கும்.

அந்தச் சகோதரியின் முயலுக்கு டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். இரண்டு கடைவாய்ப் பற்கள் வளர்ந்து நாக்கில் புண் ஆகியிருந்தது. மூத்திரப்பையில் மணலும் இருந்தது. அமைதியாக இருக்கவிட்டு மறுபடி ரத்தம் எடுத்துச் சோதித்தபோது சர்க்கரை 130-தான். ஆறு மாதமாக அது பட்டது பல் வலி.

ஒரு கோளாறு இன்னொன்றை எப்படி இழுக்கிறது?

"தொடர்ந்து சீக்காவே இருக்கு" என்று சொல்லும் முயல்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். புல் குறைவு, தவிடும் பிஸ்கெட்டும் அதிகம். பல் தேயவில்லை. பல் வலிக்கிறது, அதனால் தின்பது குறைகிறது. தின்பது குறைந்தால் குடல் ஓட்டம் குறைகிறது, புழுக்கை சிறுக்கிறது. வலியில் குனிந்து தன் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள முடியவில்லை. பின்பக்கம் அழுக்கும் ஈரமும் சேர்கிறது. தோல் வெந்து புண்ணாகிறது. அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டு ஒரே நாளில் புழு வைத்துவிடுகிறது.

பார்க்கும் நமக்கு ஐந்து நோய் தெரிகிறது. ஆணிவேர் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே மருந்து போட்டால் காசு போகும், முயல் தேறாது.

செய்யவே கூடாத நான்கு

ஒன்று: மனிதர் தின்னும் சுகர் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மாமியாரின் எடை 60 கிலோ. முயலின் எடை 2 கிலோ. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சர்க்கரையைக் கீழே இறக்கும். பயத்தால் ஏறிய சர்க்கரை கொஞ்ச நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். மாத்திரையும் சேர்ந்து இறக்கினால் முயலுக்கு வலிப்பு வந்து உயிர் போகும்.

இரண்டு: இன்சுலின் ஊசியை எண்ணிக்கூடப் பார்க்காதீர்கள். இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921-22-ல் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதலில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். 1923-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த மருந்துக்கு எவ்வளவு வீரியம் என்று எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? முயலை வைத்துத்தான்! 24 மணி நேரம் பட்டினி போட்ட 2 கிலோ முயலின் சர்க்கரையை 45-க்கு இறக்க எவ்வளவு மருந்து வேண்டும் என்று பார்த்தார்கள். 45 என்பது முயலுக்கு வலிப்பு வரும் அளவு. அந்த மருந்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் 1923-ல் ஒரு யூனிட் என்று வைத்தார்கள். அப்படியென்றால், பட்டினி கிடக்கும் முயலுக்கு மூன்று யூனிட் போனாலே வலிப்பு. நம் வீட்டில் ஒரு வேளைக்கு 10, 20 யூனிட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று: பட்டினி போடாதீர்கள். "சுகருக்குப் பத்தியம்" என்று தீவனத்தை நிறுத்துவது முயலைக் கொல்லும். முயல் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் தின்னாவிட்டாலே ஆபத்து ஆரம்பம். ஒன்றிரண்டு நாள் போனால், அதிலும் கொழுத்த முயலாக இருந்தால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து செத்துப் போகும். முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால் டாக்டரிடம் போகும்போதும் வெறும் வயிற்றோடு கொண்டு போக வேண்டாம். ஒரு கட்டுப் புல்லைக் கூடவே வையுங்கள்.

நான்கு: வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரை, சிரப் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் முயலின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பிறகு வரும் பேதியில் முயல் பிழைப்பது கஷ்டம்.

என்ன செய்ய வேண்டும்? ஒரு நோட்டு போடுங்கள்

குழுக் கணக்கையே பிசகாமல் எழுதுகிற நமக்கு முயல் கணக்கு எழுதுவது பெரிய காரியமா? முயல் தின்றுகொண்டும் நடமாடிக்கொண்டும் இருந்தால் மூன்று நாள் இதை எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

- தண்ணீர்: காலையில் 500 மில்லி அளந்து வையுங்கள். மறுநாள் காலை மிச்சத்தை அளங்கள். உதாரணம்: 500-ல் 80 மிச்சம் என்றால் குடித்தது 420. முயல் 2 கிலோ என்றால் கிலோவுக்கு 210. இது அதிகம். பக்கத்தில் அதே அளவு தண்ணீரை இன்னொரு கிண்ணத்தில், முயலுக்கு எட்டாமல் வைத்தால், வெயிலில் ஆவியாகப் போனது எவ்வளவு என்றும் தெரியும். அதைக் கழித்துவிடுங்கள்.
- எடை: கூடையோடு தராசில் வைத்து, கூடை எடையைக் கழித்து எழுதுங்கள்.
- தீவனம்: என்ன போட்டோம், எதைத் தின்றது, எதை விட்டது?
- புழுக்கை: உருண்டையா, சிறுத்ததா, ஒன்றோடொன்று ஒட்டியதா, எண்ணிக்கை குறைந்ததா? இரவில் மென்மையாக, திராட்சைக் கொத்து மாதிரி ஒன்றைப் போட்டு முயலே தின்றுவிடும். அது நோய் அல்ல. அதில்தான் அதற்குச் சத்து.
- ஈரம்: தாடை நனைகிறதா, அடிவயிறு நனைகிறதா? தாடை என்றால் பல்லைச் சொல்லுங்கள். அடிவயிறு என்றால் மூத்திரத்தைச் சொல்லுங்கள்.

சிறுநீரும் கொண்டு போனால் நல்லது. கூண்டுக்கு அடியில் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, தேங்கியதை ஊசி இல்லாத சிரிஞ்சில் உறிஞ்சிச் சுத்தமான புட்டியில் ஊற்றிக்கொள்ளுங்கள். அன்றே கொடுங்கள்.

இவை இருந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம், அன்றே ஓடுங்கள்: அரை நாளாகத் தின்னவில்லை, புழுக்கை இல்லை, வயிறு மத்தளம் மாதிரி இறுகிவிட்டது, பல்லை நறநறவென்று கடிக்கிறது, கூனிக் குறுகி மூலையில் உட்கார்ந்திருக்கிறது, சிறுநீர் வரவில்லை, வலிப்பு, புழு வைத்த புண்.

எங்கே போவது?

மதுரை தல்லாகுளத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கம்தான். திருப்பரங்குன்றத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வளர்ப்பு, தீவனம் பற்றிய ஆலோசனையை அங்கே கேட்கலாம். தேனியிலும் திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. முயல் வளர்ப்பைத் தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தைப் போய்ப் பார்க்கலாம்.

கொண்டு போகும்போது மூடி உள்ள கூடையில், அடியில் சாக்கு விரித்து, காலை வெயில் ஏறுமுன் போங்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கையால் நெஞ்சையும் மறு கையால் பின்பக்கத்தையும் தாங்கித் தூக்குங்கள். பின்காலைத் தொங்கவிட்டால் உதைத்துக்கொண்டு தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும்.

டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள்: "கடைவாய்ப் பல்லைப் பாத்தீங்களா சார்? மூத்திரப்பையில கல்லு, மணல் இருக்கா? சிறுநீரகம் நல்லா இருக்கா? சர்க்கரைய அமைதியா இருக்கும்போது இன்னொரு தரம் பாக்கலாமா?"

நிஜமாகவே சர்க்கரை வியாதி என்றால்?

ஒரு தரம் பார்த்து எந்த டாக்டரும் அப்படிச் சொல்ல மாட்டார். பயம் தெளிந்த நேரத்தில் பல தடவை பார்த்தும் ரத்தச் சர்க்கரை ஏறியே இருக்க வேண்டும். சிறுநீரிலும் சர்க்கரை தொடர்ந்து இருக்க வேண்டும். தாகம், மெலிவு இரண்டும் இருக்க வேண்டும். பல், குடல், சிறுநீரகம் இவற்றில் கோளாறு இல்லை என்றும் தெரிய வேண்டும். கடந்த சில வாரங்களின் சர்க்கரை நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் என்ற சோதனையும் உண்டு. இதில் பயத்தால் திடீரென்று ஏறியது கணக்கில் வராது. இத்தனையும் பார்த்த பிறகுதான் அந்தப் பெயர். அப்போதும் முதல் வைத்தியம் புல்லும் எடைக் குறைப்பும்தான். எடையை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், பட்டினி போட்டு அல்ல. ஊசி வேண்டுமா, எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

வருமுன் காக்க: தட்டில் என்ன இருக்கிறது?

முயலின் தீவனத்தில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். அருகம்புல், கொழுக்கட்டைப் புல், வரப்புப் புல், நிழலில் காயவைத்த புல் எதுவும் நல்லது. இரவும் பகலும் கூண்டில் புல் இருந்துகொண்டே இருக்கட்டும். மருந்து தெளித்த வயலோரப் புல்லை மட்டும் அறுக்காதீர்கள். முயல் மசால் என்று ஒரு தீவனப் பயிருக்கே பெயர் இருக்கிறது. அதையும் புல்லோடு கலந்து கொடுக்கலாம். முள்ளங்கி இலை, கேரட் தழை, கொத்தமல்லித் தழை தினம் கொஞ்சம் போடலாம். அகத்தி, வேலிமசால், குதிரை மசால் இவற்றில் சுண்ணாம்புச் சத்து அதிகம். வளர்ந்த முயலுக்கு அளவோடு கொடுங்கள், மணல் சேரும் முயலுக்கு வேண்டாம்.

வீட்டுச் செல்ல முயல் 2 கிலோ என்றால் கலப்புத் தீவனம் ஒரு நாளைக்கு 50 கிராமுக்கு மேல் தேவையில்லை. கேரட், வாழைப்பழம் எப்போதாவது ஒரு சின்னத் துண்டு. சோறு, இட்லி, பிஸ்கெட், ரொட்டி, முறுக்கு வேண்டாம். பிள்ளைகள் பாசத்தில் ஊட்டுவார்கள், சொல்லிப் புரிய வையுங்கள். தீவனத்தை மாற்றும்போது ஒரே நாளில் மாற்றாமல், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தண்ணீரைக் குறைத்தால் மூத்திரம் குறையும் என்று நினைத்துக் கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். சிறுநீரகம் கெட்டிருந்தால் அதுவே எமனாகிவிடும்.

நமக்கும் ஒரு பாடம்

முயலுக்கு அபூர்வமான இந்த நோய் நமக்கு அபூர்வம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாக அது கணக்கிட்டது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சுகரும் பிரஷரும் பார்த்தவர்களில் நம் மகளிர் குழுப் பெண்களும் உண்டு. ஆனால் முயலுக்குத் தாகம் என்று பதறிய சகோதரியிடம், "நீங்க கடைசியா எப்போ சுகர் பாத்தீங்க?" என்று கேட்டோம். "நான் எங்கேக்கா பாத்தேன்!" என்றார். நம்மில் எத்தனை பேர் அப்படி?

முயலுக்கு: ஒரு எண்ணை வைத்து நோய் என்று முடிவு கட்டாதீர்கள். நமக்கு: எண்ணே பார்க்காமல் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டுக்கும் மருந்தை டாக்டர் சொல்லட்டும்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் முயல் வளர்ப்பவர்கள் யார் யார்? கூண்டு எங்கே இருக்கிறது, நிழல் உண்டா?
2. நேற்று அந்த முயல் தின்றதில் புல் எவ்வளவு, மற்றது எவ்வளவு?
3. வீட்டில் சுகர் மாத்திரை, இன்சுலின் எங்கே வைத்திருக்கிறோம்? பிள்ளைகள் கைக்கு எட்டுமா?
4. முயல் அரை நாள் தின்னாவிட்டால் யாரிடம் போவது என்று நம் எல்லாருக்கும் தெரியுமா?
5. 30 வயது தாண்டிய உறுப்பினர்களில் இந்த வருடம் சுகர் பார்க்காதவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரைத் தீர்மான நோட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்து போக ஒரு நாள் குறியுங்கள்.